ஆறு லோடு மண்ணு

அந்த ஜன்னலை இழுக்காதீங்கண்ணே, அது வராது. நானும் மாட்டுத்தாவணியிலருந்து இழுத்துப் பாத்துட்டேன். கண்டக்டர்கிட்டச் சொன்னா ‘காத்து ஒடம்புக்கு நல்லது’ங்கிறான், டாக்டரு. இப்பிடி உக்காருங்க. இந்தக் கவரை மட்டும் இடிச்சிராம. உள்ள ஒரே ஒரு தாளுதான் இருக்கு. எட்டு மாசமா இந்தத் தாளுக்காகத்தான் நாய் படாத பாடு.

தடையில்லாச் சான்று. தொல்லியல் ஆபீஸுல குடுத்தது. என் மனை, என் அப்பன் மனை, அதுல நான் வீடு கட்டிக்கிறதுக்கு ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்திச் செத்தவன் எவனுக்கும் ஆட்சேபணை இல்லையாம். ரொம்பச் சந்தோசம். அவுகளுக்கெல்லாம் நான் கும்புடு போட்டதாச் சொல்லுங்க.

என்ன அப்பிடிப் பாக்குறீங்க, கொரலை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? கேட்டிருப்பீங்க. மேலூருக்கு அங்கிட்டு ஆட்டோவுல மைக் கட்டி எந்த அறிவிப்பு போனாலும் அது இந்தச் சோணைமுத்து தொண்டைதான். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், கரண்டு கட்டு, கெடாவெட்டு, சாவுத் துட்டி, எல்லாம் நம்மதான். நாலாப்புக்கு மேல படிக்கல. எழுதிக் குடுக்குறதை அப்பிடியே படிக்கிறவனுக்கு எவன் காது குடுப்பான்? நான் கடைசியில நம்ம வீட்டுச் சேதி ஒண்ணு கோத்து விட்டுருவேன். ‘நமது சோணைமுத்து வீட்டம்மா ராக்கம்மாளே நேற்று இங்குதான் சேலை எடுத்தார்கள்’னு. அவ எடுத்திருக்க மாட்டா, பாவம், அவகிட்ட மொத்தமே நாலு சேலை. ஆனா சனம் நம்பும். எது கண்ணு முன்னாடி கெடக்கோ அதை எடுத்துச் சேத்துக்குவேன். யோசிக்கவே மாட்டேன், வாயே பாத்துக்கும்.

சரி, வீட்டுக்கு வர்றேன். எங்க ஊருல ஒரு பழைய கோட்டை வாசல் இருக்கு. கோட்டை கெடையாது, மதிலு கெடையாது, வாசல் மட்டும் நிக்கிது. உள்ள யாரு போறா, வெளிய யாரு வர்றா, ஒரு கேள்வி கெடையாது. அதுக்கு ஒரு நீலப் போர்டு, ஒரு கம்பி வேலி. அதைச் சுத்தி முந்நூறு மீட்டருக்குள்ள ஒரு செங்கல்லு வைக்கணும்னாலும் அந்த ஆபீஸுல கேட்டுட்டுத்தான் வைக்கணும். என் வீடு அந்த வாசலுக்கு எதுத்த சந்துல. ஊரு நட்டநடு. எங்கப்பன் காலத்து ஓட்டு வீடு. மழை பேஞ்சா வீட்டுக்குள்ள பேஞ்சு முடிச்சிட்டுத்தான் தெருவுல பேயும். தையில இடிச்சேன். இடிச்ச பெறகுதான் முனிசிபாலிட்டியில சொல்றான், ‘அந்தச் சான்று எங்கய்யா?’ன்னு. இடிக்கிறதுக்கு யாரும் ஒண்ணும் கேக்கல. கட்டுறதுக்குத்தான் கேப்பாங்களாம்.

அதுவரைக்கும் எங்க தங்குறது? என் மச்சான் வெள்ளைக்கண்ணு வீட்டு மாடியில. ராக்கம்மாளோட கூடப்பொறந்த அண்ணன். மண்ணு யாவாரம், மனை யாவாரம், வாய் யாவாரம். அவரு பேசுறது எப்பிடி இருக்கும் தெரியுமா, தொண்டையில சல்லி போட்டு அலசுன மாதிரி. ‘மாப்ள, நீங்க எத்தன நாள் வேணும்னாலும் இருங்க மாப்ள. நான் எண்ணிக்கிட்டா இருக்கேன்? இன்னிக்கி அம்பத்தி மூணாவது நாளு.’

சித்திரையில அந்த ஆபீஸுலருந்து ஒரு மேடம் வந்தாங்க, எங்க மனையப் பாக்க. பேரு இளவரசி. காலுல கான்வாசு சூ, தலையில தொப்பி, கையில கொத்தனார் கரண்டி. பேசுறது ரேடியோவுல சேதி வாசிக்கிற மாதிரி இருக்கும். ‘ஐயா, இந்த மனையில் கழிவறைத் தொட்டி எங்கே இருந்தது?’ நான் காட்டுனேன். ‘அதற்கு முன்பிருந்த தொட்டி?’ அதையும் காட்டுனேன். ‘கிணறு ஏதாவது?’ தூத்துன கெணறு ஒண்ணு, தண்ணித் தொட்டி ஒண்ணு, எங்கப்பன் எதுக்குத் தோண்டுனான்னு அவனுக்கே தெரியாத பள்ளம் ஒண்ணு. எல்லாத்தையும் டேப்பு போட்டு அளந்து, ஒரு படம் வரைஞ்சு, ‘அடுத்த வாரம் சம்பிரதாயத்துக்கு ஒரு சோதனைக் குழி போட்டுவிட்டால் வேலை முடிந்தது, கவலைப்படாதீர்கள்’னாங்க.

கவலைப்படாதீங்கன்னு கவர்மெண்டு சொன்னா நீங்க படமாட்டீங்களா?

குழின்னு சொன்னாங்கள்ல, அந்த வார்த்தையோட என் தூக்கம் போச்சு. ஏன்னா பக்கத்துத் தெரு மளிகைக்கடைக்காரரு மனையில இப்பிடித்தான் ஒரு குழி போட்டு, எழுத்து வெட்டுன கல்லு ஒண்ணு வந்து, அதோட சரி. மூணு வருசமா ஆடு மேயுது. அந்தாளு வெளியூர்ல வாடகைக்கு இருந்துக்கிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை வந்து வேலி வழியா கல்லைப் பாத்துட்டுப் போறாரு, ஜெயில்ல மகனப் பாக்குற மாதிரி.

மச்சான்கிட்டச் சொன்னேன். அவரு சட்டையில கெடந்த இட்லியைத் தட்டி விட்டுக்கிட்டே சொல்றாரு: ‘மாப்ள, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? அவுக என்ன பாதாளம் வரைக்குமா தோண்டப் போறாக? ரெண்டடி மூணடி. நீங்க அந்த ரெண்டடிக்கு நல்ல மண்ணாக் கொட்டி மட்டம் பண்ணி விடுங்க. அவுக நோண்டுறாக, நல்ல மண்ணு வருது, ஒண்ணும் இல்லன்னு கையெழுத்துப் போடுறாக, போயிர்றாக.’

என்னா மூளை பாருங்கண்ணே. நம்ம மூளை எழுதிக் குடுத்ததைப் பேசும். அந்த மூளை எழுதியே குடுக்கும்.

மண்ணுக்கும் அலைய வேண்டியதில்ல. ஊருக்குக் கெழக்க ஒரு மேட்டு நெலத்தை வாங்கி, அதை வெட்டி மட்டம் பண்ணி, வெள்ளைக்கண்ணு நகர்னு மனை போட்டுக்கிட்டு இருந்தாரு. வெட்டுன மண்ணு மல மாதிரி கெடக்கு. அதுலருந்து ஆறு டிப்பரு லோடு நம்ம மனையில வந்து எறங்குச்சு. சும்மாதான், மாப்ளைங்கிற முறைக்கு. நானும் ராக்கம்மாளும் நின்னு பரப்பி, தண்ணி தெளிச்சு, திம்சுக்கட்டையால இடிச்சு, கல்யாண வீட்டு வாசலு கணக்கா ஆக்கிட்டோம். அவதான் கேட்டா, ‘என்னங்க, மண்ணுக்குள்ள இம்புட்டு ஓட்டாஞ்சில்லு கெடக்கு?’ன்னு. நான் சொன்னேன், ‘எந்த மண்ணுலதான் ஓட்டாஞ்சில்லு இல்ல. சட்டி பானைன்னு இருந்தா ஒடையாதா? நீ ஒடைக்காத சட்டியா?’ அவ கட்டையை எடுத்து இடிக்க ஆரம்பிச்சிட்டா. கொறைச்சுத்தான் பேசுவா. நம்ம வீட்டுல பேசுறதுக்குன்னு ஏற்கெனவே ஒரு ஆளு இருக்கேன்ல.

அடுத்த வாரம் மேடம் வந்தாங்க, ரெண்டு வேலையாளுகளோட. மனையப் பாத்ததும் அப்பிடியே நின்னுட்டாங்க. ‘ஐயா, போன வாரம் இந்த இடம் பள்ளமாக இருந்ததே?’ ‘பாத்தா அழகா இருக்கட்டும்னு மேடம்’னேன். நான் பொய் சொல்ல மாட்டேண்ணே. அழகாத்தான் இருந்துச்சு.

நாலு ஆணி அடிச்சு நூல் கட்டுனாங்க. ரெண்டு மீட்டருக்கு ரெண்டு மீட்டரு. தோண்டுறாங்க தோண்டுறாங்க, அதை நீங்க பாக்கணும். நம்ம ஆளா இருந்தா ஒரு பீடி பத்த வச்சு முடிக்கிறதுக்குள்ள இடுப்பளவு எறங்கியிருப்பான். இவுக கரண்டியால மண்ணுக்குச் சொரிஞ்சு விடுறாக. பெறகு பெயிண்டு பிரஸ்ஸால கன்னத்தைத் தொடச்சு விடுறாக. பெறகு மேடம் ஒரு புஸ்தகம் எடுத்தாங்க, பூராம் கலரு கலராச் சதுரம். பெயிண்டுக்கடையில செவத்துக்கு என்ன கலருன்னு பாப்போம்ல, அந்த மாதிரி மண்ணை அதுல வச்சு வச்சுப் பாக்குறாங்க. நான் கேட்டேன், ‘மேடம், மண்ணுக்கு வெள்ளை அடிக்கப் போறீங்களா?’ சிரிக்கல. சிரிக்காத ஆளுகளைப் பாத்தா எனக்கு இன்னும் ரெண்டு சொல்லணும்னு வரும்.

முக்கா அடி போகல. வர ஆரம்பிச்சிருச்சு. உள்ள கருப்பு வெளிய செவப்புன்னு ஓடு. சங்கு வளையல் துண்டு. பாசிமணி ஒண்ணு. சுடுமண்ணுல வட்டவட்டமா என்னமோ சில்லு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிளாஸ்டிக் கவரு, ஒரு சீட்டு, சீட்டுல நம்பரு. என் வீட்டுல பொறந்த பிள்ளைகளுக்குக் கூட இம்புட்டுப் பதிவு நடக்கலண்ணே.

அம்புட்டுத்தான், ஊரு கூடிருச்சு. கெடாவெட்டுக்கு நான் தொண்டை கிழியக் கூப்புட்டாக்கூட இம்புட்டு சனம் வராது. ஒருத்தன் போன்ல படம் புடிக்கிறான். ஒருத்தன் ‘இது ராசா அரமனைடா’ங்கிறான். எங்க டீக்கடைக்காரன் ‘எனக்கு அப்பவே தெரியும்’ங்கிறான், அவனுக்கு எதுதான் தெரியாது. ஒரு கெழவன் என் கையப் புடிச்சுக்கிட்டு ‘நீ ராச பரம்பரைடா சோணை’ங்கிறான். ராச பரம்பரை, அன்னிக்கித் தேதிக்கு அடுத்தவன் மாடியில மூணு மாசமா ஒண்டிக்கிட்டு இருந்துச்சு. நான் பாக்குறேன், எனக்கு அந்த நீலப் போர்டு தெரியுது, கம்பி வேலி தெரியுது, உள்ள ஆடு மேயுறது தெரியுது.

ரெண்டடி ஆழத்துல ஓடு நின்னுபோச்சு. அதுக்குக் கீழ ஒரு கவரு வந்துச்சு. ரேஷன்ல போடுற பாமாயிலு கவரு. மேடம் அதையும் பிரஸ்ஸால தொடச்சு, தூக்கிப் புடிச்சு, ‘ஐயா, இது எப்போது உள்ளதாக இருக்கும்?’னாங்க. நான் உள்ளதைச் சொன்னேன், ‘போன தீவாளிக்கு வாங்குனது மேடம்.’

‘அப்படியானால் இதற்கு மேலே கிடக்கும் ஓடுகள்?’

‘தீவாளிக்குப் பெறகு வந்திருக்கும்.’

‘இரண்டாயிரம் வருடப் பழைய ஓடு, தீபாவளிக்குப் பிறகு வந்திருக்கிறது.’

‘மழை பெருசு மேடம் இந்தத் தடவை. அடிச்சிக்கிட்டு வந்திருக்கும்.’

மேடம் என்னையே பாத்தாங்க. அப்பயும் சிரிக்கல. ‘இது வெளியிலிருந்து வந்த மண். எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால் போதும், இதை அள்ளிவிட்டுக் கீழே பார்த்து, உங்கள் சான்றுக்கு எழுதிவிடுவேன்’னாங்க. போன வாரமே ‘இந்த மனை ஏற்கெனவே பூராம் தோண்டிக் கலைஞ்சது, ஒண்ணும் இருக்க வாய்ப்பில்லை’ன்னு எழுதி வச்சுட்டாங்களாம். சும்மா விட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமாம். இப்பச் சொல்றாங்க. அதெல்லாம் பேச்சுக்குச் சொல்றதுண்ணே.

ஆனா ஒண்ணு. நான் சொல்லல. ஒரு வார்த்தை சொல்லல. மச்சான் சோத்தைத் தின்னுட்டு மச்சானைக் காட்டிக் குடுப்பேனா? ‘தெரியாது மேடம், லாரிக்காரன் கொட்டிட்டுப் போனான், எந்த லாரின்னு கவனிக்கல’ன்னு ஒரே புடியா நின்னேன். என் மேல இடி விழுந்தாலும் இந்த வாயிலருந்து வராது.

மேடமும் விட்டுட்டாங்க. வெயிலு. வேப்பமர நெழல்ல உக்காந்தோம். ராக்கம்மா தூக்குவாளியில மோரு கொண்டாந்து எல்லாத்துக்கும் ஊத்துனா. மேடம் மோரைக் குடிச்சிட்டு நல்ல விதமாக் கேட்டாங்க, ‘ஐயா என்ன தொழில் செய்கிறீர்கள்?’ன்னு. சொன்னேன். ‘அப்படியா, ஒன்று சொல்லிக் காட்டுங்களேன்.’ அண்ணே, கவர்மெண்டு ஆபீசரு, படிச்ச பொம்பள, நம்மகிட்டக் கேக்குது. விடுவனா? தள்ளுபடி ஒண்ணு விட்டேன். கண்ணு முகாம் ஒண்ணு விட்டேன். துட்டி அறிவிப்பு ஒண்ணு விட்டேன், அந்த வேலையாளு ரெண்டு பேரும் எந்திரிச்சே நின்னுட்டானுக. ‘வேறு? இப்போது புதிதாக என்ன போகிறது?’ன்னாங்க. அப்ப ஊருக்குள்ள ஓடுனது மச்சானோட நகர் அறிவிப்புதான். அதையும் விட்டேன்.

அதுக்குத்தான் மொதத் தடவையாச் சிரிச்சாங்க, மேடம். ‘இன்னொரு முறை சொல்லுங்கள், கடைசிப் பகுதியை மட்டும் மெதுவாக’ன்னு நோட்டைத் திறந்து எழுதிக்கிட்டாங்க. தொழிலு தெரிஞ்ச ஆளுக்குத்தான் தொழிலோட அருமை தெரியும். ராக்கம்மா அங்கிட்டுத் தூக்குவாளியோட நின்னுக்கிட்டு இருந்தா. பாக்குறேன், கண்ணுல தண்ணி. இருவத்தஞ்சு வருசமா என் கொரலைக் கேக்குறா, இன்னும் உருகுறா பாருங்க.

மறுநாளு காலையில மேட்டுல ஜீப்பு. தாசில்தாரு, மேடம், எல்லாம். மச்சானோட பொக்லைனை நிப்பாட்டிட்டாங்க. சுத்திச் செவப்பு ரிப்பனு. அது சாதாரண மேடு இல்லியாம், ஒரு ஊரே உள்ள கெடக்காம், பாதி ஊரை மச்சான் வெட்டி ஆளாளுக்குக் குடுத்துட்டாராம். மனைக்கு முன்பணம் குடுத்தவுக பூராம் அவரு வீட்டு வாசல்ல. மச்சான் ஒரு வாரம் மொட்டைமாடியிலருந்து எறங்கல. எறங்குன அன்னிக்கி என்னைப் பாத்து ஒரே வார்த்தைதான் சொன்னாரு, தொண்டையில சல்லியே இல்ல: ‘மாப்ள, எறங்குங்க.’

நான் எறங்கிட்டேன். மைக் செட்டுக் கடையில பெட்டிகளுக்கு நடுவுல படுத்துக்கிர்றேன். ராக்கம்மா எறங்கல. மாடிப்படியில நின்னுக்கிட்டுச் சொன்னா, அவ இம்புட்டுப் பேசி நான் கேட்டதே இல்ல. ‘எங்கண்ணனைக் காட்டிக் குடுத்தது யாருன்னு கண்டுபுடிங்க. அந்த ஆளைக் கூட்டியாந்து இந்த வாசல்ல நிப்பாட்டுங்க. அவன் வாயாலயே எங்கண்ணன்கிட்டச் சொல்லட்டும். அன்னிக்கி நான் வர்றேன், ஓலைக் குடிசை போட்டாலும் வர்றேன். அதுவரைக்கும் நீங்க அரமனை கட்டுனாலும் அங்க அடுப்பு எரியாது.’ நான் கேட்டேன், ‘அவனை எங்கன்னு போய்த் தேடுறது?’ன்னு. ‘ரொம்பத் தூரம் அலைய வேணாம்’னுட்டு உள்ள போயிட்டா.

அன்னிக்கிலருந்து தேடுறேண்ணே. டிப்பரு டிரைவர் பயலைப் புடிச்சுக் கேட்டேன், கோயில்ல சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்றான். டீக்கடைக்காரன்கிட்டக் கேட்டேன், எல்லாம் தெரிஞ்சவன் இது மட்டும் தெரியலைங்கிறான். அதுலயே சந்தேகம் வருதுல்ல? ஆறு லோடு மண்ணையும் அள்ளிக் கணக்காக் கட்டி ஆபீஸுல எடுத்துட்டுப் போயிட்டாங்க. கீழ தோண்டிப் பாத்தாங்க, எங்கப்பன் தொட்டியும் என் தொட்டியும்தான் இருந்துச்சு. இன்னிக்கி மதுரைக்குப் போயி இந்தத் தாளை வாங்கியாச்சு. மேடம் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, ‘உங்களுக்கு ரொம்ப நன்றி ஐயா’ங்கிறாங்க. எனக்கு எதுக்கு நன்றி சொல்றாங்கன்னு தெரியல. மோருக்கா இருக்கும். தாளு கையில இருக்கு. ஆளுதான் கெடைக்கல.

என்னண்ணே? நகர் அறிவிப்பா? இப்பயா, பஸ்ஸுக்குள்ளயா? முன்னாடி சீட்டு அம்மா தூங்குறாங்க. சரி, கேட்டதுக்காக, மெதுவா.

‘அன்பார்ந்த பொதுமக்களே. பழைய சந்தைப்பேட்டைக்குக் கிழக்கே, மேட்டு நிலத்தில், வெள்ளைக்கண்ணு நகர். வெள்ளம் ஏறாத பூமி. கற்கண்டு போன்ற குடிநீர். கோயில் பத்து நிமிடம், ஆஸ்பத்திரி பதினைந்து நிமிடம், சுடுகாடு வெகுதூரம். மேட்டைச் சமப்படுத்தும் வேலை நடப்பதால், பள்ளம் நிரப்ப மண் தேவைப்படுவோர் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். தங்கமான மண். இதோ, கோட்டைவாசல் எதிர்ச்சந்து சோணைமுத்து வீட்டு மனைக்கே ஆறு லோடு இங்கிருந்துதான் இறங்கியிருக்கிறது. நேரில் வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.’

இருங்கண்ணே.

இல்ல, அந்தக் கடைசி வரி வழக்கமா வராது. அது அன்னிக்கி, எதுக்கயே மண்ணு கெடந்துச்சா, வாயில அதுவா வந்து ஒட்டிக்கிருச்சு. சேலைக்குச் சொல்ற மாதிரி. கடைசிப் பகுதிய மட்டும் மெதுவா ரெண்டாவது தடவை…

ராக்கம்மா அங்கதான நின்னா. தூக்குவாளியோட.

அவளுக்கு அன்னிக்கே தெரியும்.

அண்ணே, ஒரு ஒதவி பண்றீங்களா? எங்க ஊருல எறங்கி ஒரு பத்து நிமிசம். மச்சான் வீட்டு வாசல்ல வந்து நில்லுங்க. நீங்கதான் மேடத்துக்கிட்டச் சொன்னீங்கன்னு ஒரு வார்த்தை. அவுக ஒங்களை அடிக்க மாட்டாக, வயசு இருக்குல்ல ஒங்களுக்கு. காப்பித்தண்ணி நானே வாங்கித் தர்றேன். என்ன, எந்திரிக்கிறீங்க? மேலூரு இன்னும் வரலையே. உக்காருங்கண்ணே, சும்மா சொன்னேன். உக்காருங்க. அவகிட்ட அது எடுபடாது. ஒங்க கொரலை அவ கேட்டதே இல்லையே.

நானே போய் நின்னுக்கிர்றேன். வாசல்லதான, நின்னாப் போச்சு. அதுல என்ன இருக்கு. ஊரு பூராத்துக்கும் சொல்றவனுக்கு ஒரு வீட்டு வாசல்ல சொல்றதா பெருசு.

ஆனா மைக் இல்லாம எப்பிடிண்ணே ஆரம்பிக்கிறது?